எழுதக்கூடாத சீட்டு

கைகால் குடைச்சல், வியர்வை, வாந்தி, தூக்கமற்ற இரவு. அபின் வகை மருந்துக்குப் பழகிய உடம்பு, அது கிடைக்காதபோது படும் பாடு நூறாண்டுகளாக மாறவில்லை. அமெரிக்காவில் மாறியது, அந்த நோயாளி யார் கதவைத் தட்டலாம் என்பதுதான்.

1919-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பழக்கத்துக்கு ஆளானவரைத் தாங்கிப் பிடிக்க மார்ஃபின் எழுதித் தந்தால் அது மருத்துவச் சீட்டே அல்ல என்று தீர்ப்பளித்தது. எழுதிய மருத்துவர்கள் வழக்கில் சிக்கினார்கள். லூசியானா மாநிலம் ஷ்ரீவ்போர்ட்டில் முறையாக மருந்து வழங்கிவந்த நிலையம் 1923-இல் மூடப்பட்டது. 1935-இல் கென்டக்கியின் லெக்சிங்டனில் திறந்த அரசு மருத்துவமனையில் கைதிகளும் தாமாக வந்தவர்களும் ஒன்றாகத் தங்கினார்கள். வீடு திரும்பியவர்களில் பெரும்பாலோர் மீண்டும் ஊசியைத் தொட்டார்கள்.

1960-களின் நடுவில் நியூயார்க்கில் மருத்துவர்கள் வின்சென்ட் டோலும் மேரி நைஸ்வாண்டரும் பழக்கத்துக்கு ஆளானவர்களுக்கு மெதடோன் என்ற மாற்று மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அளவு சரியாக அமைந்தபின் கிறக்கம் இல்லை, ஏக்கமும் இல்லை. வேலைக்குப் போக முடிந்தது. ஆனால் மருந்து தனி மையத்தில்தான். விடிந்ததும் வரிசையில் நின்று, செவிலியர் கண்ணெதிரே குடித்துவிட்டுப் போகவேண்டியிருந்தது.

2002-இல் இதே சிகிச்சைக்குப் பியூப்ரெநார்ஃபினும் வந்தது. அளவு கூடினாலும் ஓரெல்லைக்கு மேல் மூச்சை அடக்காத மருந்து. குடும்ப மருத்துவரே எழுதலாம். அதற்கும் அவர் 8 மணி நேரப் பயிற்சி பெற்று, தனி அனுமதி வாங்கவேண்டியிருந்தது. தொடக்கத்தில் 30 நோயாளிகளுக்குமேல் பார்க்க முடியாதிருந்தது. பலரைப் பழக்கத்தில் தள்ளிய ஆக்சிகோடோன் வலி மாத்திரையை எழுத அப்போது இந்த நிபந்தனை எதுவும் இருக்கவில்லை!

2022 டிசம்பரில் அந்தத் தனி அனுமதி ஒழிந்தது. இன்று பிரஷர் மாத்திரை எழுதும் மருத்துவரே, நாக்கின் அடியில் கரையும் இந்த மருந்தையும் எழுதுகிறார். இருந்தும், "எப்போது நிறுத்துவீர்கள்?" என்ற கேள்வி வீட்டாரிடமிருந்து வருகிறது. பிரஷர் மாத்திரைக்கு யாரும் அப்படி அவசரப்படுத்துவதில்லை. மருந்தை நிறுத்தியவர் மறுபடி போதைப்பொருளைப் பழைய அளவில் எடுத்தால், பழக்கம் விட்டுப்போன உடம்பு தாங்காது, உயிரே போகலாம்.

மெதடோனுக்கு வரிசை இன்னும் கலையவில்லை. தீராத வலி என்று வருபவருக்கு அதே குடும்ப மருத்துவர் மெதடோன் எழுதலாம், மருந்துக்கடையில் கிடைக்கும். பழக்கத்திலிருந்து மீள வருபவருக்கு அவர் அதைச் சீட்டில் எழுத முடியாது.