புதிய கணினிக்குக் குடிபெயராத பழைய மென்பொருள்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அதற்கு அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய செயலியும் உள்ள கணினிகளில் மட்டுமே அதிகாரபூர்வமாக இயங்கும். இதனால், குறைவின்றி உழைத்துக்கொண்டிருந்த பழைய கணினிகளைப் பலர் மாற்ற வேண்டிய நிலை ஏற்பட்டிருக்கிறது. ஆவணங்களையும் படங்களையும் புதிய கணினிக்குக் கொண்டுசெல்வது எளிது. ஆனால், அந்தப் படங்களைத் திருத்தப் பயன்பட்ட பழைய மென்பொருளைக் கொண்டுசெல்ல முயலும்போதுதான், காசு கொடுத்து வாங்கிய பொருள் உண்மையில் யாருடையது என்கிற கேள்வி எழுகிறது.

ஒரு சிற்றூரில் ஒளிப்பட நிலையம் நடத்துபவரை எண்ணிப் பார்ப்போம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் முழு விலை கொடுத்து வாங்கிய ஃபோட்டோஷாப் அவரிடம் இருக்கிறது. பாஸ்போர்ட் அளவுப் படம், திருமண ஆல்பம், மறைந்த பெரியவரின் மங்கிப்போன கறுப்பு வெள்ளைப் படத்தைச் செப்பனிடுவது என எல்லாவற்றுக்கும் அவர் நம்பியிருப்பது அதைத்தான். புதிய பதிப்பின் புதுமைகள் எதுவும் அவருக்குத் தேவையில்லை. வாங்கியதைத் தொடர்ந்து பயன்படுத்தினால் போதும். இந்த எளிய விருப்பம் நிறைவேறுவதற்கு எத்தனை தடைகள்!

நகலெடுத்தால் போதாதா?

மென்பொருள் இருக்கும் கோப்புறையை அப்படியே பென் டிரைவில் நகலெடுத்துப் புதிய கணினியில் ஒட்டினால் என்ன என்று பலரும் கேட்பதுண்டு. பெரிய மென்பொருள்கள் ஒரே கோப்புறைக்குள் அடங்கிவிடுவதில்லை. நிறுவும்போதே அவை தம் அமைப்புகளை விண்டோஸின் ‘ரெஜிஸ்ட்ரி’ என்னும் பதிவேட்டில் எழுதுகின்றன. பொதுவான துணைக் கோப்புகளை வேறு இடங்களில் வைக்கின்றன. உரிமம் பற்றிய குறிப்பைத் தனியே சேமிக்கின்றன. கோப்புறையை மட்டும் நகலெடுப்பது, வேரை விட்டுவிட்டு மரத்தைப் பெயர்த்து நடுவதைப் போன்றது. மூலக் குறுந்தகட்டையோ நிறுவும் கோப்பையோ கொண்டு முறைப்படி மீண்டும் நிறுவுவதே வழி.

அப்படி நிறுவும்போதும் தடைகள் உண்டு. விண்டோஸ் 11, 64 பிட் இயங்குதளமாக மட்டுமே வருகிறது. 32 பிட் மென்பொருள்களை அது ஏற்கும். அதற்கும் முந்தைய 16 பிட் நிரல்களை ஏற்காது. 1990-களின் மென்பொருள்கள் சிலவற்றில், மென்பொருள் 32 பிட்டாக இருந்தும் அதை நிறுவும் நிரல் 16 பிட்டாக இருப்பதால் வாசலிலேயே நின்றுவிடும். ஆப்பிள் இன்னும் கடுமையாக நடந்துகொண்டது. 2019-இல் வெளியான மேக் ஓஎஸ் கேட்டலினா 32 பிட் நிரல்களை முற்றிலும் கைவிட்டது. ஃபோட்டோஷாப் சிஎஸ்6-இன் முதன்மை நிரல் 64 பிட். ஆனால், அதை நிறுவும் பகுதியும் உரிமத்தைச் சரிபார்க்கும் பகுதியும் 32 பிட். ஆகவே அதுவும் கேட்டலினாவில் இயங்கவில்லை. ஆப்பிளின் சொந்தத் தயாரிப்பான அப்பர்ச்சர் மென்பொருளுக்கும் இதே முடிவுதான்.

பூட்டும் சாவியும்

இயங்குதளத் தடையைத் தாண்டினாலும் உரிமம் என்னும் பூட்டு இருக்கிறது. 2003-இல் வந்த ஃபோட்டோஷாப் சிஎஸ் பதிப்பிலிருந்து, விண்டோஸ் பயனர்கள் வரிசை எண்ணை இட்டால் மட்டும் போதாது என்றானது. அந்த எண்ணை அடோபி நிறுவனத்தின் வழங்கி இணையம் வழியாகவோ தொலைபேசி வழியாகவோ ஏற்க வேண்டும். ஓர் உரிமத்தை இரு கணினிகள் வரை பதிவுசெய்யலாம். மூன்றாவதில் நிறுவ வேண்டுமானால், முந்தைய கணினி ஒன்றிலிருந்து உரிமத்தை முறைப்படி விடுவிக்க வேண்டும். இதற்காகவே ஹெல்ப் பட்டியலில் ‘டீஆக்டிவேட்’ என்றொரு கட்டளை உண்டு. பழைய கணினி பழுதாகி, இந்தக் கட்டளையைக் கொடுக்க வழியில்லாமல் போனால், நிறுவனத்தின் உதவியை நாடுவதைத் தவிர வேறு வழியில்லை.

அந்த வழங்கியே மூடப்பட்டால்? 2005-இல் வெளியான சிஎஸ்2 தொகுப்புக்கு அதுதான் நேர்ந்தது. அதன் வழங்கிகளை அடோபி மூடியபோது, ஏற்கெனவே வாங்கியவர்களுக்காக, பதிவு தேவைப்படாத மாற்றுப் பதிப்பை 2013-இன் தொடக்கத்தில் தன் தளத்தில் வைத்தது. இலவசமாகத் தருகிறார்கள் என்று எண்ணி உலகமே அங்கு திரண்டது. உரிமம் பெற்றவர்களுக்கு மட்டுமே அது உரியது என்று நிறுவனம் விளக்க வேண்டியிருந்தது. பின்னர் அந்த ஏற்பாடும் நின்றுபோனது. எனினும், பூட்டைச் செய்தவர் நினைத்தால் பூட்டில்லாத கதவையும் தர முடியும் என்பதற்கு அது சான்றாக நிற்கிறது.

அதே 2013-ஆம் ஆண்டு மே மாதம், இனிப் புதிய பதிப்புகளைச் சந்தா முறையில் மட்டுமே தரப்போவதாக அடோபி அறிவித்தது. 2012-இல் வந்த சிஎஸ்6, ஒருமுறை விலை கொடுத்து வாங்கக்கூடிய கடைசி முழு ஃபோட்டோஷாப் ஆனது. பழைய பதிப்பைக் கைவிடாமல் பலர் பற்றிக்கொண்டிருப்பதற்குப் பழக்கம் மட்டும் காரணமல்ல. மாதந்தோறும் கட்டணம் செலுத்த இயலாத சிறுதொழில் செய்வோருக்கு அது வாழ்வாதாரம்.

இதில் ஒரு முரண் இருப்பதையும் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் திருட்டுக் குறுந்தகடுகள் தாராளமாகப் புழங்கிய காலம் ஒன்று உண்டு. பூட்டு உடைக்கப்பட்ட அந்தப் பதிப்புகளுக்கு வழங்கியும் தேவையில்லை, அனுமதியும் தேவையில்லை. வழங்கி மூடப்படும்போது தவித்து நிற்பவர் நேர்மையாகக் காசு கொடுத்தவர் மட்டுமே. திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு, கடைசியில் வீட்டுக்காரரையே வெளியே நிறுத்துகிறது.

படம் வரும், திருத்தம் வராது

மென்பொருளை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் எடுத்துச்சென்றால் போதும் என்று நினைப்பவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கூகுளின் பிகாசா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2016-இல் கைவிடப்பட்ட அந்த மென்பொருளை இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள். பிகாசாவில் ஒரு படத்தை வெட்டினாலும் நிறத்தை மாற்றினாலும், ‘சேவ்’ கட்டளையைக் கொடுக்கும் வரை மூலப் படம் மாறுவதில்லை. திருத்தக் குறிப்புகள் அதே கோப்புறையில் ‘பிகாசா.ஐஎன்ஐ’ என்னும் மறைகோப்பில் எழுதப்படுகின்றன. அந்தக் கோப்பு இல்லாமலோ பிகாசா இல்லாமலோ படத்தைத் திறந்தால், பல ஆண்டுகள் உட்கார்ந்து செய்த திருத்தங்களில் ஒன்றும் தெரியாது.

லைட்ரூமும் இப்படித்தான் இயங்குகிறது. திருத்தங்கள் ‘கேட்டலாக்’ எனப்படும் தரவுதளக் கோப்பில் இருக்கின்றன. படங்களை மட்டும் நகலெடுத்து, கேட்டலாக்கைப் பழைய வன்தட்டிலேயே விட்டுவிட்டால் உழைப்பு அத்தனையும் போய்விடும்.

தமிழில் வேலை செய்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருங்குறி பரவலாவதற்கு முன், தமிழ் எழுத்துருக்கள் பல்வேறு குறியேற்றங்களில் இருந்தன. 1999-இல் தமிழக அரசு டாம், டாப் ஆகியவற்றைத் தரமாக ஏற்றது. 2010-இல் ஒருங்குறியும் டேஸ்16-உம் தரமாக அறிவிக்கப்பட்டன. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகள் ஒருங்குறித் தமிழைச் சரியாகக் கோக்காமல் கொம்பையும் காலையும் இடம் மாற்றிப் போட்டதால், வடிவமைப்பாளர்கள் பழைய எழுத்துருக்களையே நெடுங்காலம் பயன்படுத்தினார்கள். அந்த எழுத்துருக்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பவை. புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால், திருமண அழைப்பிதழில் இருந்த மணமக்கள் பெயர் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் மாறிவிடும்.

செய்ய வேண்டியவை

பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே சில வேலைகளை முடித்துவிடுவது நல்லது. நிறுவும் கோப்புகள், வரிசை எண், வாங்கியதற்கான ரசீது ஆகியவற்றைத் தேடி ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். குறுந்தகடு இயக்கி இல்லாத கணினிகளே இப்போது மிகுதி என்பதால், தகட்டில் உள்ளதை வன்தட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். எழுத்துருக்கள், தூரிகைகள், ‘ஆக்ஷன்’ கோப்புகள், கேட்டலாக்குகள், மறைகோப்புகள் எல்லாவற்றையும் நகலெடுக்க வேண்டும். புதிய கணினியில் எல்லாம் இயங்குகிறதா என்பதைச் சோதிக்கும்வரை பழைய வன்தட்டை அழிக்கக் கூடாது. ஆனால், உரிமத்தை விடுவிப்பதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

முக்கியமான படைப்புகளை அடுக்குகளுடன் கூடிய பிஎஸ்டி வடிவில் வைத்திருப்பதோடு, டிஃப் வடிவிலும் ஒரு பிரதி சேமிப்பது பாதுகாப்பானது. 1986-இல் உருவான டிஃப் வடிவத்தை இன்றும் ஏறக்குறைய எல்லா மென்பொருள்களும் திறக்கின்றன. பிகாசாவில் திருத்திய படங்களை ‘எக்ஸ்போர்ட்’ செய்து தனிப் படங்களாக்கிவிட வேண்டும். லைட்ரூமில் திருத்தங்களைப் படத்தோடு எக்ஸ்எம்பி கோப்புகளாக எழுதிவைக்கும் வசதி உண்டு. புதிய இயங்குதளம் பழைய மென்பொருளை ஏற்காவிட்டால், விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளின் உதவியால் கணினிக்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினியை அமைத்து, உரிமமுள்ள பழைய விண்டோஸை அதில் நிறுவலாம். 1996-இல் வெளிவந்து இன்றும் வளர்ந்துவரும் கட்டற்ற மென்பொருளான கிம்ப், பிஎஸ்டி கோப்புகளைப் பெருமளவு திறக்கும். எதுவும் கைகொடுக்கவில்லையே என்று இணையத்தில் கிடைக்கும் ‘கிராக்’ கோப்புகளை நாடுவது ஆபத்து. அவற்றோடு சேர்ந்து என்ன நுழையும் என்பது யாருக்கும் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52-இல், கணினி நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர் எந்த நோக்கத்துக்காக அதைப் பெற்றாரோ அதற்காகப் பயன்படுத்தவும், இழப்பிலிருந்து காத்துக்கொள்ளவும் நகலெடுப்பதை அனுமதிக்கிறது. 2012-இல் சேர்க்கப்பட்ட பிரிவு 65ஏ, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. நகலெடுக்கும் உரிமை நம்மிடம் இருக்கிறது. ஆனால், அந்த நகலை இயங்கவைக்கும் சாவியைத் தர வேண்டும் என்று நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் விதியை இப்பிரிவுகளில் காண முடியவில்லை.

பிற நாடுகள் இதைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டன. காலவரையற்ற உரிமத்துடன் விற்கப்பட்ட மென்பொருளை வாங்கியவர் மறுவிற்பனை செய்யலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. பின்னாளில் பறிக்கப்படக்கூடிய உரிமத்தை மட்டும் தந்துவிட்டு, அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்று விளம்பரம் செய்வதைக் கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் 2025 முதல் தடுக்கிறது. இந்தியாவில் 2022-இல் நுகர்வோர் விவகாரத் துறை, ‘பழுதுபார்க்கும் உரிமை’ குறித்து ஆராயக் குழு அமைத்தது. வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகியவற்றின் மீது அதன் கவனம் இருந்தது. விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் இந்த வரிசையில் சேர வேண்டும்.

கேட்பது பெரிய சலுகை எதுவுமில்லை. பழைய மென்பொருளுக்கு என்றென்றும் புதுப்பிப்புகள் தர வேண்டும் என்று எந்த நிறுவனத்தையும் வற்புறுத்த முடியாது. ஆனால், பதிவு வழங்கியை எத்தனை ஆண்டுகள் நடத்துவோம் என்பதை விற்கும்போதே அறிவிக்க வேண்டும். அதை மூடும்போது, உரிமம் பெற்றவர்களுக்குப் பதிவு தேவைப்படாத பதிப்பை வழங்கிவிட்டு மூட வேண்டும். இந்த இரண்டையும் சட்டமாக்கினாலே போதும். சிஎஸ்2 விஷயத்தில் ஒருமுறை செய்ய முடிந்ததை விதியாக்குவதில் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. தையல்காரர் தன் பழைய இயந்திரத்தைப் புதிய கடைக்குத் தூக்கிச்செல்ல யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஒளிப்படக் கலைஞருக்கும் அதே உரிமை இருக்க வேண்டும்.