ஜப்பானில் ஹலால் உணவு: கிளம்புமுன் ஒரு நோட்பேட் பைல்

ஜப்பானுக்குச் சுற்றுலா செல்லும் முஸ்லிம் குடும்பங்களுக்கு டோக்கியோவில் அதிகச் சிரமம் இருப்பதில்லை. துருக்கிய பாணியில் 2000-ல் திறக்கப்பட்ட டோக்கியோ ஜாமி பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. ஹலால் உணவகங்களையும் சுலபமாகத் தேடிப் பிடிக்கலாம். சிரமம் தொடங்குவது தலைநகரை விட்டு வெளியே, மலைக் கிராமங்களுக்கும் வெந்நீர் ஊற்று நகரங்களுக்கும் செல்லும்போதுதான். ஜப்பானின் அழகும் அங்கேதான் அதிகம். பல கடைகளில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும். இதற்குப் பயந்தே பலர் டோக்கியோவோடு திரும்பிவிடுகிறார்கள்.

இந்தப் பயத்தைப் பெருமளவு குறைக்க உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் போதும். ஜப்பானிய மொழி தெரிய வேண்டியதில்லை. காப்பி, பேஸ்ட் தெரிந்தால் சரி.

சொற்களைச் சேர்த்தல்

பிரவுசரைத் திறந்து கூகுள் டிரான்ஸ்லேட் தளத்திற்குச் செல்லவும். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் ஜப்பானிய மொழி எனத் தேர்ந்தெடுக்கவும். இடது கட்டத்தில் ஆங்கிலத்தில் "போர்க்" என டைப் செய்தால் வலது பக்கம் இரண்டு எழுத்துகள் கிடைக்கும். முதல் எழுத்து பன்றி, இரண்டாவது எழுத்து இறைச்சி. முதல் எழுத்தை மட்டும் மவுஸால் தேர்ந்தெடுத்து காப்பி செய்து, நோட்பேடில் பேஸ்ட் செய்திடவும். பக்கத்திலேயே தமிழில் பொருளையும் எழுதிக் கொள்ளவும். இதே போல "லார்ட்" (பன்றிக் கொழுப்பு), "ஜெலட்டின்", "மிரின்", "லிக்கர்" ஆகியவற்றையும் சேர்க்கவும். மிரின் என்பது சமையலில் ஊற்றும் இனிப்பு அரிசி மது.

லிக்கர் என்ற சொல்லுக்கு விடை வரும்போது சில சமயம் முன்னால் ஒரு வளைந்த எழுத்து ஒட்டிக் கொண்டு வரும். அதை நீக்கிவிட்டு, கோடுகள் நிறைந்த எழுத்தை மட்டும் வைத்துக் கொள்ளுங்கள். சமையல் மது, வெளிநாட்டு மது, சோயா சாஸ் கெடாமலிருக்கச் சேர்க்கும் ஆல்கஹால் ஆகிய மூன்றின் பெயர்களிலும் இந்த ஓர் எழுத்து வரும். மிரினில் மட்டும் வராது. அதனால்தான் அதைத் தனியாகச் சேர்க்கச் சொன்னோம். (ஆங்கில எழுத்தில் "சாகே" என்று கண்டதும் மது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சால்மன் மீனுக்கும் அதே உச்சரிப்புதான்.)

பைலை சேவ் செய்கையில் கிடைக்கும் விண்டோவின் கீழே என்கோடிங் என்று ஓர் இடம் இருக்கும். அதில் யுடிஎப்-8 இருக்கிறதா எனப் பார்க்கவும். பழைய விண்டோஸ் தொகுப்புகளில் அன்சி என்று இருக்கும். அப்படியே சேவ் செய்தால் அடுத்த முறை திறக்கும்போது வெறும் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும். தமிழ் பைல்களில் இந்தக் கேள்விக்குறிகளைப் பார்த்தவர்கள் நம்மிடையே நிறைய உண்டு.

ஒரே பொருள், பல எழுத்து

ஜப்பானிய மொழியில் சீனத்திலிருந்து வந்த கஞ்சி எழுத்துகளும், ஹிரகானா, கட்டகானா என இரண்டு ஒலி எழுத்து வரிசைகளும் கலந்து புழங்குகின்றன. பன்றி இறைச்சியைக் கஞ்சியில் எழுதுவார்கள். ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்த்துக் கட்டகானாவிலும் எழுதுவார்கள். கம்ப்யூட்டருக்கு இவை வெவ்வேறு சொற்கள். ரொட்டி என்று தேடினால் பிரெட் கிடைக்காது அல்லவா? அதுபோலத்தான். ஆகவே "போர்க் சாப்" என்றும் டைப் செய்து பாருங்கள். பெரும்பாலும் கட்டகானாவில் விடை வரும். அதன் முதல் மூன்று எழுத்துகளையும் பைலில் சேர்க்கவும்.

ஹலால் என்ற சொல்லே இரண்டு விதமாக எழுதப்படுகிறது: நடுவில் நீண்ட கோடு போட்டு ஒன்று, கோடு இல்லாமல் ஒன்று. இரண்டையும் வைத்துக் கொள்ளுங்கள். செல்ல இருக்கும் ஊரின் பெயரையும் ஜப்பானிய மொழியில் எடுத்து, இவற்றுடன் சேர்த்து கூகுளில் தேடுங்கள். ஆங்கிலத்தில் தேடும்போது கண்ணில் படாத சிறு கடைகளும் வரும். பக்கத்தின் மேல் ரைட் கிளிக் செய்தால் மொழிபெயர்க்கும் வசதி கிடைக்கும்.

ஆனால் மெனுவைச் சோதிக்க மொழிபெயர்ப்பை மட்டும் நம்ப வேண்டாம். மூலப் பக்கத்தில் கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி எப் கீயைத் தட்டினால் ஒரு சிறு கட்டம் வரும். அதில் உங்கள் பைலில் உள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாக பேஸ்ட் செய்து தேடவும். மெனு படமாக இருந்தால் இந்தத் தேடல் வேலை செய்யாது. அப்போது படத்தை சேவ் செய்து, டிரான்ஸ்லேட் தளத்திலுள்ள இமேஜஸ் டேபில் ஏற்றிப் பார்க்கவும்.

அலர்ஜி அட்டவணையில் ஒரு பொறி

பெரிய உணவக நிறுவனங்கள் தங்கள் தளங்களில் அலர்ஜி அட்டவணை தருகின்றன. அதில் பன்றிக்கு நேரே குறி இல்லை என்றதும் பலர் நிம்மதி அடைகிறார்கள். இது போதாது. ஜப்பானியச் சட்டப்படி பாக்கெட் உணவுகளில் முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு போன்றவற்றைக் குறிப்பிடுவது கட்டாயம். பன்றி இறைச்சியும் ஜெலட்டினும் பரிந்துரைப் பட்டியலில்தான் உள்ளன, கட்டாயம் இல்லை. மது எந்தப் பட்டியலிலும் கிடையாது. எனவே சேர்மானப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். "எனக்குப் பன்றி அலர்ஜி" என்று சொல்லிவிட்டால் போதும் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். அப்படிச் சொன்னால் கடைக்காரர் இந்த அட்டவணையைத்தான் எடுத்துப் பார்ப்பார். மார்க்கக் காரணம் என்று நேராகச் சொல்வதே நல்லது.

முஸ்லிம் பிரெண்ட்லி என்ற பலகைக்கும் கடைக்குக் கடை அர்த்தம் மாறும். ஹலால் சான்றிதழை அரசு தருவதில்லை. பல தனி அமைப்புகள் தருகின்றன. சோயா சாஸில் இயல்பாகவே உண்டாகும் சிறிதளவு ஆல்கஹாலைப் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்து கொண்டு கிளம்புங்கள். அங்கே பசியோடு நிற்கும்போது முடிவெடுப்பது கஷ்டம்.

தங்குமிடத்திற்கு மெயில்

ரியோகான் எனப்படும் பாரம்பரிய விடுதிகளில் அறையோடு இரவு உணவும் சேர்ந்தே வருவது வழக்கம். பல சிறு தட்டுகளாக வரும் அந்த விருந்தில் மிரின் இல்லாத தட்டைக் காண்பது அரிது. "சுடொமாரி" என்றால் சாப்பாடு இல்லாத அறை. புக்கிங் தளங்களில் இதைத் தேர்ந்தெடுக்கலாம். விருந்தும் வேண்டும் என்றால் முன்கூட்டியே மெயில் அனுப்பிக் கேளுங்கள்.

மெயிலைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதி மொழிபெயர்க்கவும். "நாங்கள் பன்றி இறைச்சி சாப்பிடுவதில்லை. சமையலில் மதுவும் மிரினும் சேர்க்க வேண்டாம். மீனை உப்பு மட்டும் தடவிச் சுட்டுத் தர முடியுமா?" இவ்வளவு போதும். பின்னர் கிடைத்த ஜப்பானிய வரிகளை காப்பி செய்து, இன்னொரு டேபில் மீண்டும் ஆங்கிலத்திற்கு மாற்றிப் பாருங்கள். அர்த்தம் புரண்டிருந்தால் உங்கள் வாக்கியத்தை மாற்றி எழுத வேண்டும். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் துண்டுகளை நீக்கிவிட்டு அதே சூப்பைத் தந்துவிடலாம்.

ஒரு பயணத்தைத் திட்டமிட்டால்

தெற்கே உள்ள கியூஷு தீவை எடுத்துக் கொள்வோம். அதன் பெரிய நகரம் புகுவோகா. அங்கே ஹகோசாகி பகுதியில் 2009-ல் திறக்கப்பட்ட பள்ளிவாசல் இருக்கிறது. ஊரின் புகழ்பெற்ற டோன்கோட்சு ராமென் பன்றி எலும்புச் சூப்பில் செய்வது. அதைத் தாண்டிச் செல்லுங்கள். ஹகாடா ஸ்டேஷனிலிருந்து சோனிக் எக்ஸ்பிரஸில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் பெப்பு.

பெப்புவில் தெருவோரத்திலேயே பூமியிலிருந்து ஆவி எழும். நரகம் என்று பெயரிட்ட கொதிக்கும் குளங்கள் ஏழு உள்ளன. ஒன்று கடல் நீலம், ஒன்று ரத்தச் சிவப்பு. 2000-ல் தொடங்கிய ரிட்சுமெய்கன் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகத்திற்கு இந்தோனேசியா, வங்கதேச மாணவர்கள் நிறைய வருவதால் இந்தச் சிறிய ஊரிலும் பள்ளிவாசல் உண்டு. கன்னாவா பகுதியில், வாடகை கொடுத்து ஊற்று ஆவியில் நாமே சமைக்கும் இடம் இருக்கிறது. முட்டை, சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, மீன் எல்லாம் கொண்டு போகலாம். சட்டிகள் பொதுவானவை என்பதால், தோலோடு வேகும் பொருள்களைத் தேர்ந்தெடுத்தால் மனத்தில் உறுத்தல் இருக்காது.

பொது வெந்நீர்க் குளியலில் ஆண்கள் தனி, பெண்கள் தனி என்றாலும் ஆடையின்றியே இறங்க வேண்டும். நமக்கு அது சரிப்படாது. "கசோகுபுரோ" என்று தேடினால் குடும்பத்திற்கு மட்டும் மணிக் கணக்கில் தரும் தனிக் குளியலறைகள் கிடைக்கும். கால் மட்டும் நனைக்கும் தொட்டிகளும் உண்டு.

தொழுகை நேரத்தைத் தளங்களில் பார்க்கும்போது ஊரைச் சரியாகத் தேர்ந்தெடுக்கவும். டிசம்பரில் டோக்கியோவில் மாலை நாலரைக்கே மக்ரிப். புகுவோகாவில் ஐந்தேகாலை நெருங்கும். கிப்லா நம் ஊரைப் போலவே மேற்கிலிருந்து சற்று வடக்கே.

நாடு முழுவதற்குமான ஏழு நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. டோக்கியோ - கியோட்டோ போக வர சுமார் 28,000 யென்தான். எக்செல்லில் உங்கள் ரயில் கட்டணங்களைக் கூட்டிப் பார்த்த பிறகே வாங்குங்கள். கியூஷுவுக்கு மட்டும் தனி பாஸ் உண்டு.

எல்லாம் முடிந்ததும் நோட்பேட் பைலை உங்கள் போனுக்கு மெயில் செய்திடவும். கூடவே மெயில் வாசகத்தைப் பெரிய எழுத்தில் ஒரு தாளிலும் பிரிண்ட் எடுத்துக் கொள்ளுங்கள். கிராமத்துக் கடைகளை நடத்துபவர்களில் வயதானவர்கள் அதிகம். போன் திரையை விடத் தாளை அவர்கள் நிதானமாகப் படிப்பார்கள்.