வயசானா யோசனை மெதுவாவது ஏன்?

குழுக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர்கள் சிலரைப் பார்க்கிறோம். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் குழம்பிப் போகிறார்கள். "இந்த மாசம் தவணை கட்டியாச்சா அக்கா?" என்று கேட்டால் பதில் வர நேரமாகிறது. உடனே நாம், "அவங்களுக்கு மறதி வந்துடுச்சு, பொறுப்பை வேற ஆளுக்கு மாத்திடலாம்" என்று பேச ஆரம்பித்து விடுகிறோம். வீட்டிலும் மாமியாரைப் பார்த்து, "வேணும்னே பண்றாங்க" என்கிறோம். பல நேரம் இது மறதியும் இல்லை, வீம்பும் இல்லை.

மூளையின் மேல்பகுதி சாம்பல் நிறம். யோசிக்கிற செல்கள் அங்கே இருக்கின்றன. அதற்கு உள்ளே இருப்பது வெள்ளைப் பகுதி. அது முழுக்க நரம்பு இழைகள். கண் பார்த்ததையும் காது கேட்டதையும் மனக்கணக்கையும் ஒன்றோடு ஒன்று சேர்த்து விடுவது இந்த இழைகள்தான். கரண்டு வயருக்கு மேலே ரப்பர் இருக்கிற மாதிரி, இழைக்கு மேலே ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. அந்த வெள்ளை நிறமே கொழுப்பின் நிறம்தான். உறை தேய்ந்தால் செய்தி தாமதமாகப் போகும்.

டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் 2003-இல் கணக்குப் போட்டார்கள். 20 வயதுப் பெண்ணின் மூளையில் உள்ள இந்த இழைகளை நீட்டி வைத்தால் சுமார் 1,49,000 கிலோமீட்டர் வரும். பூமியை மூன்று சுற்றுக்கு மேல் சுற்றலாம்! 80 வயதில் அது சுமார் 82,000 ஆகக் குறைகிறது. ஆக, கொஞ்சம் மெதுவாவது எல்லாருக்கும் உள்ளதுதான்.

ஆனால் சிலருக்கு மட்டும் ஏன் சீக்கிரமே வருகிறது? முக்கியக் காரணம் பிரஷர். வாய்க்காலில் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வருவது எப்படி என்று நமக்குத் தெரியும். மூளையின் வெள்ளைப் பகுதியும் கடைமடை மாதிரிதான். மிக மெல்லிய குழாய்கள் வழியாகத்தான் அதன் ஆழத்துக்கு ரத்தம் போகிறது. பிரஷர் பல வருஷம் கூடவே இருந்தால் குழாய் தடித்து, வழி குறுகி, கடைமடை காயும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அது வெள்ளைத் திட்டாகத் தெரியும். சுகரும் புகையும் இதைக் கூட்டும்.

திட்டு கூடினால் யோசனையின் வேகம் குறையும். ஒரே நேரத்தில் இரண்டு வேலை ஓடாது. நடை தளரும், தடுமாறி விழுவார்கள், சிறுநீரை அடக்க முடியாது, மனசு சோர்ந்து போகும். பழைய கதையும் சொந்தபந்தமும் பெரும்பாலும் நினைவில் நிற்கும். அதனால் ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். கணக்கை நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். இதைச் செய்து பார்க்காமல் யாரிடமிருந்தும் பொறுப்பைப் பிடுங்க வேண்டாம்.

வந்த திட்டு பெரும்பாலும் மறையாது. கூடாமல் தடுக்கலாம். அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2019-இல் வெளிவந்தது. பிரஷரின் மேல் அளவை 140-க்குக் கீழே வைத்தவர்களை விட 120-க்குக் கீழே வைத்தவர்களுக்குத் திட்டுகள் மெதுவாகவே கூடின. யாருக்கு எந்த அளவு சரி என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ரொம்பக் குறைந்தாலும் தலைசுற்றும்.

"தலைவலியே இல்லை, எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்துகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். பிரஷர் பெரும்பாலும் வலிக்காது, சத்தம் போடாது. நாற்பதைத் தாண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக் கொள்ளுங்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வாங்கி டப்பாவில் போட்டு வைத்தால் குணமாகாது! ஊறுகாய், கருவாடு, அப்பளத்தையும் குறைக்க வேண்டும்.

தெரிந்த வழியிலேயே ஒருவர் திசை மாறிப் போனால், பணத்தை அடிக்கடி வைத்த இடம் தெரியாமல் தேடினால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். திடீரென வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கை கால் விழுந்தாலோ காலை வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, அந்த நிமிஷமே 108-க்குப் போன் செய்யுங்கள்.