பெல்ட் போன பெட்டியை வாங்கலாமா?

ஸ்பைக் லீ இயக்கிய ‘டூ தி ரைட் திங்’ (1989) படத்தில் ரேடியோ ரஹீம் என்றொரு பாத்திரம் வரும். புரூக்ளினில் வெயில் கொளுத்தும் ஒரு நாள் முழுக்க, சூட்கேஸ் அளவுள்ள பாட்டுப்பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடப்பான். பேட்டரி தீர்ந்ததும் கொரியத் தம்பதி நடத்தும் கடைக்குள் நுழைந்து, டார்ச் லைட்டில் போடுகிற பெரிய கட்டையில் இருபது கேட்பான். ஒன்றல்ல, இரண்டல்ல, இருபது. அந்தக் காட்சியில் பாதி வேடிக்கை, பாதி உண்மை. அந்தக் காலத்துப் பூம்பாக்ஸ்கள் கட்டைகளைத் தின்றுதான் பாடின.

தமிழ்நாட்டில் அந்தப் பெயர் ஒட்டவில்லை. ரேடியோவும் டேப்பும் ஒரே பெட்டிக்குள் இருந்ததால் இங்கே அது ‘டூ இன் ஒன்’. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருபவர் தோளில் நேஷனல் பேனசோனிக் தொங்கினால், அன்று மாலை அந்த வீட்டுத் திண்ணையில் பாதித் தெரு உட்கார்ந்திருக்கும். பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்து, காலி கேசட்டில் பதிந்து வாங்கிவந்த தலைமுறைக்கு மேலே எதையும் விளக்க வேண்டியதில்லை.

ரேடியோவையும் டேப்பையும் சேர்த்துக் கட்டியதில் பிலிப்ஸுக்கு முதன்மையான பங்குண்டு. 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் கேசட்டை அறிமுகப்படுத்திய அதே நிறுவனம், 1966இல் ரேடியோவும் கேசட்டும் ஒன்றாயிருந்த பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு ஆட்டம் ஜப்பானியர்கள் கைக்குப் போனது. 1970களின் கடைசியிலிருந்து 80களின் நடுப்பகுதிவரை ஜேவிசி, ஷார்ப், சான்யோ, ஹிட்டாச்சி, தோஷிபா, ஐவா, சோனி எல்லாரும் ஒருவரையொருவர் விஞ்சப் பெட்டிகளைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். கொனியன் என்ற பெயரில் விற்ற ‘சி-100எஃப்’ பெட்டியில் யாராவது தூக்கினால் அலறும் திருட்டு அலாரமே இருந்தது!

இன்று இவற்றைத் தேடி வாங்குபவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். புகைப்படக்காரர் லைல் ஓவெர்கோ இந்தப் பெட்டிகளுக்காகவே 2010இல் ஒரு தனிப் புத்தகம் வெளியிட்டார். இதனால் விலையும் ஏறிவிட்டது. ஆனால் எல்லாப் பெட்டிக்கும் ஒரே மாதிரி ஏறவில்லை. ஜேவிசியின் ‘ஆர்சி-எம்90’ இன்று ஆயிரம் டாலரைத் தாண்டி விலைபோவதுண்டு. எல்.எல். கூல் ஜே 1985இல் வெளியிட்ட ‘ரேடியோ’ இசைத்தொகுப்பின் அட்டையில் இருப்பது அந்தப் பெட்டிதான். நல்ல பெட்டி, சந்தேகமில்லை. ஆனால் அந்த விலையில் பெரும்பங்கு அட்டைப் படத்துக்கான விலை. அதே காலத்தில், அதே ஜப்பானியக் கம்பெனிகள் செய்த நடுத்தர அளவுப் பெட்டிகள் எந்த அட்டையிலும் வராத காரணத்தால் மலிவாகக் கிடக்கின்றன. காதுக்காக வாங்குபவர் தேட வேண்டியது அவற்றைத்தான்.

பார்த்தவுடன் ஏமாற்றுவது வாட் கணக்கு. பெட்டியின் நெற்றியில் ‘100 வாட்’, ‘200 வாட்’ என்று ஒட்டியிருக்கும். பின்பக்க மூடியைத் திறந்து கட்டைகளை எண்ணினால் சாயம் வெளுத்துவிடும். 8 கட்டை என்றால் 12 வோல்ட். சாதாரண ஆம்ப்ளிஃபயர் சுற்று, 12 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தர முடிந்த உச்சம், கணக்குப்படி, ஒரு பக்கத்துக்கு 4.5 வாட். இரண்டு ஆம்ப்ளிஃபயரை எதிரெதிராகப் பூட்டிய சுற்றாக இருந்தாலும் 18 வாட்டைத் தாண்டாது. நடைமுறையில் இதைவிடக் குறைவு. மின் இணைப்பில் ஓடும்போதும் பல பெட்டிகளில் உள்ளே கிடைப்பது ஏறக்குறைய இதே வோல்ட்தான். மீதி வாட் எல்லாம் ‘பிஎம்பிஓ’ என்ற மூன்றாம் தரக் கணக்கு. இதில் இன்னொன்றும் உண்டு. காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தெரிய, வாட் ஏறத்தாழ பத்து மடங்கு கூட வேண்டும். ஆக 5 வாட் பெட்டிக்கும் 10 வாட் பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துச் சண்டை போடுவதில் பொருளில்லை.

சத்தத்தைத் தீர்மானிப்பது ஸ்பீக்கரும் அது உட்கார்ந்திருக்கும் கூடும். முன்வலைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பாதி ரகசியம் தெரிந்துவிடும். நான்கு வட்டங்கள் தெரியும் பெட்டியில் இரண்டு வெறும் பிளாஸ்டிக் மூடியாக இருக்கலாம், வயரே போயிருக்காது. உண்மையான பெட்டியில் பெரிய ஸ்பீக்கர் பேஸுக்கும், சின்னது ட்ரெபிளுக்கும் வேலை செய்யும். பெரிய கோனைச் சுற்றியுள்ள விளிம்பு நுரையால் ஆனதா, துணி அல்லது மடித்த காகிதமா என்றும் பார்க்க வேண்டும். நாற்பது ஆண்டில் நுரை பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். துணியும் காகிதமும் அசையாமல் நிற்கும். பிறகு, பின்பக்கத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்க்கலாம். தகர டப்பா போலக் கடகடத்தால், பேஸைக் கூட்டும்போது பாட்டோடு கூடும் சேர்ந்து பாடும். கனமான பெட்டி பெரும்பாலும் நல்ல பெட்டி. 80களின் பிற்பகுதியில் இரட்டை கேசட்டும் மின்னும் விளக்குகளும் வந்தபோது, பல பெட்டிகளில் எடை குறைந்தது. அதோடு சத்தமும் மெலிந்தது.

பூம்பாக்ஸ் சேகரிப்பவர்கள் அவ்வளவாகக் கண்டுகொள்ளாத ஒரு பெட்டியையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. போஸ் நிறுவனம் 1984இல் கொண்டுவந்த ‘அக்கூஸ்டிக் வேவ்’. கைப்பிடி, ரேடியோ, கேசட் எல்லாம் உண்டு. விளக்கு கிடையாது, குரோம் கிடையாது. ஆஸ்பத்திரிச் சாமான் போல ஒரு தோற்றம். அமர் போஸும் வில்லியம் ஷார்ட்டும் உள்ளே சுமார் இரண்டு மீட்டர் நீளக் குழாய்ப் பாதையைக் குடல்போல மடித்து வைத்தார்கள். நாதஸ்வரத்தில் குழலின் நீளத்தில் காற்று அதிர்வது போல, சின்ன ஸ்பீக்கர் தரும் அதிர்வு அந்த நீளப் பாதையில் வளர்ந்து பேஸாக வெளியே வரும். தோளில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ள லாயக்கில்லாத பெட்டி, கேட்க மட்டும் லாயக்கு.

இனி, தலைப்பில் கேட்ட கேள்வி. பழைய பெட்டி மலிவாகக் கிடைப்பதற்கு முதல் காரணம், ‘ரேடியோ பாடுது, டேப் ஓடலை’ என்பது. பத்தில் ஏழெட்டு தடவை கோளாறு ரப்பர் பெல்ட்டாகத்தான் இருக்கும். திருகுகளைக் கழற்றி பின்மூடியை எடுத்தால், மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே பெல்ட் இருந்த இடத்தில் வெயிலில் உருகிய தார் போல ஒரு கறுப்புப் பிசின் அப்பிக் கிடக்கும். விரலில் பட்டால் இரண்டு நாளைக்குப் போகாது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துச் சக்கரத்தின் பள்ளம் பளபளக்கும்வரை துடைக்க வேண்டும். பழைய பெல்ட்டின் அளவு தெரியாவிட்டால், அது ஓடிய பாதையில் ஒரு நூலைச் சுற்றி அளந்து, அதைவிடச் சற்றே சிறிய பெல்ட்டாகப் போட்டால் சரியான இறுக்கம் கிடைக்கும். செலவு சொற்பம், பொறுமைதான் கொஞ்சம் வேண்டும்.

பெல்ட் மாற்றியும் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கலாக இருந்தால், ஹெட்டைப் பார்க்க வேண்டும். கேசட்டில் நாடா ஓடும் வேகம் நொடிக்கு 4.76 செ.மீ. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை நாடாவில் பிடிக்கும் இடம், அந்தக் கணக்கில், ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கை விடக் குறைவு. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் ஜால்ராவும் தாளமும் காணாமல் போவது அதனால்தான். ஹெட்டின் ஓரத்தில் ஸ்பிரிங் மாட்டிய சின்னத் திருகு ஒன்று இருக்கும். பாட்டை ஓடவிட்டு அதை மெல்ல, மிக மெல்லத் திருப்பினால், ஓர் இடத்தில் சட்டென்று ஜன்னல் திறந்தது போல ட்ரெபிள் வரும். அங்கே நிறுத்த வேண்டும். இதற்கு முன் ஹெட்டையும் அழுத்து ரோலரையும் ஸ்பிரிட்டால் துடைத்திருந்தால் பாதிப் பேருக்குத் திருகைத் தொடும் வேலையே வராது.

வால்யூமைத் திருகும்போது கரகரத்தால் பயப்பட வேண்டாம், கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு போதும். பேட்டரி அறையில் பச்சைப் பூஞ்சை போலப் படிந்திருந்தால் பேரம் பேச அது நல்ல காரணம். ஆனால் கசிவு சர்க்யூட் பலகைவரை இறங்கியிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுவதே மேல். கியர் பல் உடைந்த பெட்டியும் அப்படித்தான். அந்தப் பல்லுக்குச் சரியான மாற்று கிடைப்பது கடினம்.

ஜப்பானிலிருந்து நேராக வந்த பெட்டியென்றால் இரண்டு கண்ணிகள் உண்டு. அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் 230இல் அப்படியே செருகினால் புகை வரும். எஃப்எம்மும் அங்கே பழைய பெட்டிகளில் 76இலிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். சென்னை ரெயின்போ இருப்பது 101.4இல்; முள் எவ்வளவு நகர்ந்தாலும் அது வராது. வெளிநாட்டு விற்பனைக்காகச் செய்த பல பெட்டிகளில் பின்னால் வோல்ட் மாற்றும் ஸ்விட்ச் இருக்கும், எஃப்எம் 108 வரை போகும்.

எல்லாவற்றிலும் மலிவான பேரம் இன்னொன்று. கேசட்டே வேண்டாம், அந்தக் கால ஸ்பீக்கர் சத்தம் மட்டும் போதும் என்பவர், டேப் அடியோடு செத்துப்போன, ஆனால் பின்னால் ‘லைன் இன்’ துளை உள்ள பெட்டியைத் தேடலாம். ஒரு வயரில் செல்போனை மாட்டினால் பெட்டி பாடத் தொடங்கும். விற்பவருக்கு அது பழைய இரும்பு, அதனால் விலையும் கிட்டத்தட்ட இரும்பு விலைதான். ஐரோப்பியப் பெட்டிகளில் அந்த இடத்தில் ஐந்து ஊசி வட்டத் துளை இருக்கும். அதற்கும் மாற்று வயர் கிடைக்கிறது.

டேப்பும் வேண்டும் என்பவர் வாங்கப் போகும்போது கையோடு ஒரு கேசட்டைக் கொண்டுபோவது வழக்கம். பலமுறை கேட்டு மனதில் பதிந்த பாட்டாக இருந்தால்தான் வேகம் கூடுகிறதா, சுருதி தள்ளாடுகிறதா என்று ஒரு நிமிடத்தில் காது சொல்லும். ஆனால் வீட்டில் ஒரே பிரதியாக இருக்கும் கேசட்டைக் கொண்டுபோகக் கூடாது. பசியோடிருக்கும் பழைய பெட்டி முதல் சுற்றிலேயே நாடாவைக் கடித்துவிடும். சட்டைப் பையில் ஒரு பென்சிலும் இருக்கட்டும்.