ஒரோமோ மக்களும் அவர்தம் பூமியும்

எத்தியோப்பிய தேசத்து ஜனத்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரான ஒரோமோ மக்கள், மேற்கே வல்லகா முதல் கிழக்கே ஹரார் வரையிலும், தெற்கே கென்ய எல்லையை ஒட்டிய போரானா மேய்ச்சல் நிலங்கள் வரையிலும் பரந்து வாழ்கிறவர்கள். அவர்களுள் இஸ்லாமியர் உண்டு, தொன்மையான கிறிஸ்தவ சபையினர் உண்டு, புராட்டஸ்டண்டுகள் உண்டு, வாக்கா என்னும் ஏக தெய்வத்தை முன்னோர் வழியில் வழிபடுவோரும் உண்டு. இத்தனை பேதங்களையும் கடந்து அவர்களை ஒரு கொடியின்கீழ்த் திரட்ட முயன்ற ஸ்தாபனங்கள் பலமுறை பிளவுபட்டிருக்க, நிலம் பறிபோகிறது என்ற கூக்குரல் எழுந்த காலங்களில் மட்டும் அம்மக்கள் தாமாகவே ஒன்று திரண்டார்கள் என்பது அவர்களுடைய சரித்திரத்தில் ஒரு விசேஷம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஷோவா நாட்டரசராயிருந்து பின்னர்ச் சக்கரவர்த்தியான இரண்டாம் மெனெலிக், ஐரோப்பியத் துப்பாக்கிகளின் பலத்தால் அர்ஸி, ஹரார் முதலிய பிரதேசங்களை ஒவ்வொன்றாக வென்றார். எட்டாண்டுக்கு ஒருமுறை ஒரு வகுப்பாரிடமிருந்து மறு வகுப்பாருக்கு அதிகாரத்தை மாற்றித் தரும் ‘கடா’ என்ற பழைய ஆட்சிமுறை அதனால் ஒடுங்கியது. வென்ற சேனையினருக்கு வேதனம் கொடுக்கப் பணமில்லாத ராஜாங்கம், அதற்கு ஈடாகக் குடியானவர்களையே அவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. தானியமும் தேனும் விறகும் உடலுழைப்பும் கொடுத்துத் தீரவேண்டிய அந்தக் குடிகளுக்குக் ‘கப்பார்’ என்று பெயர். நிலத்தில் ஒரு பங்கை உள்ளூர்த் தலைவர்களுக்கு விட்டுக் கொடுத்து அவர்களை வரி வசூலிப்போராக ஆக்கிக்கொண்டதுதான் இதில் மிகுந்த சாமர்த்தியமான காரியம்; ஒரே ரத்தத்தினருக்குள் அன்று விழுந்த பிளவை எந்தப் பிரசங்கமும் எளிதில் ஒட்டவைக்கவில்லை.

1963-ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. பாலே மலைநாட்டில் வரிச்சுமையும் நிலப்பறிப்பும் பொறாத குடிகள், வாக்கோ குட்டு என்பவர் தலைமையில் ஆயுதமேந்தினார்கள். அக்கலகம் 1970 வரை நீடித்தது. அதே ஆண்டில் தலைநகரில் மெச்சா–துலாமா சுயஉதவிச் சங்கம் தோன்றியது. ஷோவா நாட்டு ஒரோமோக்களின் இரு பெருங்கிளைகளின் பெயரைப் பூண்ட அச்சங்கம், பள்ளிக்கூடமும் சாலையும் அமைப்பதென்று தொடங்கி, அர்ஸி முஸ்லிம்களையும் ஷோவா கிறிஸ்தவர்களையும் ஒரே மேடையில் கூட்டியதால், சக்கரவர்த்தி ஹைலே செலாஸியின் அரசாங்கத்துக்கு அச்சமூட்டி, 1967-இல் தடை செய்யப்பட்டது. அதன் முன்னணியில் நின்ற ஜெனரல் ததெஸ்ஸே பிர்ரு, நெல்சன் மண்டேலா 1962-இல் எத்தியோப்பியாவில் ராணுவப் பயிற்சி பெற்றபோது அதை மேற்பார்த்தவர் என்பதைப் பலர் அறியார்.

‘உழுபவனுக்கே நிலம்’ என்று 1965-இல் மாணவர்கள் வீதியில் எழுப்பிய கோஷம், பத்தாண்டு கழித்து, முடியரசைக் கவிழ்த்த ராணுவக் குழுவின் 1975 மார்ச்சு மாதப் பிரகடனமாக வந்தது. அதை உருவாக்கியதில் பெரும்பங்கு வகித்த மந்திரி ஸெகெயே அஸ்பாவ் ஓர் ஒரோமோ. மிராசு ஒழிந்தது, குத்தகை ஒழிந்தது, ஒரு குடும்பத்துக்கு 10 ஹெக்டேருக்கு மேல் கூடாதென்று விதித்தார்கள். தென்னாட்டுக் குடியானவனுக்கு அது பெரிய விமோசனம் என்பதில் ஐயமில்லை. எனினும் நிலம் அவனுக்குச் சொந்தமாகவில்லை. ஜமீன்தார் எழுந்த ஆசனத்தில் ராஜாங்கம் அமர்ந்துகொண்டது. அதே ஆண்டில், முன்சொன்ன ஜெனரல் ததெஸ்ஸே பிர்ரு அந்த ராணுவக் குழுவின் ஆட்சியில் மரண தண்டனைக்கு ஆளானார்.

1995-ஆம் ஆண்டு அரசியல் சாஸனத்தின் 40-ஆம் பிரிவும் நிலம் அரசுக்கும் மக்களுக்கும் உரியது, விற்பனைக்குரியதன்று என்றே கூறுகிறது. இவ்வாறு சாகுபடிப் பாத்தியதை மட்டுமே உடைய குடியானவனிடமிருந்து பொதுநலத்தின் பேரால் நிலத்தை எடுப்பது அதிகாரிகளுக்குச் சிரமமில்லாமற்போயிற்று. ஒரோமோக்கள் ஃபின்ஃபின்னே என்றழைக்கும் தலைநகர் அடிஸ் அபாபாவின் பெருந்திட்டத்தை, அதைச் சூழ்ந்த ஒரோமோ மாநிலமான ஒரோமியாவின் ஊர்களோடு இணைத்து விரிக்க 2014-இல் முயன்றபோது மாணவர்கள் கிளர்ந்தார்கள். 2015 நவம்பரில் தலைநகருக்கு மேற்கேயுள்ள கிஞ்சி என்ற சிற்றூரில் மூண்ட கிளர்ச்சி ஒரோமியா முழுவதும் பரவ, 2016 ஜனவரியில் திட்டமே கைவிடப்பட்டது. அவ்வாண்டு ரியோ ஒலிம்பிக் மாரத்தானில் இரண்டாவதாக வந்த ஃபெயிஸா லிலேஸா, எல்லைக்கோட்டருகே இரு மணிக்கட்டுகளையும் தலைக்குமேல் குறுக்காகப் பிணைத்துக் காட்டியது இக்கிளர்ச்சியின் அடையாளத்தையே. 2018-இல் பிரதமர் விலகி, ஒரோமியாவைச் சேர்ந்த அபிய் அகமது பதவியேற்றார். அதன் பிறகோ கிளர்ச்சியில் ஒன்றுபட்ட இயக்கத்தார் வெவ்வேறு திசைகளில் பிரிந்தனர், வல்லகாவில் ஆயுதப் போர் மூண்டது.

முதலில் ஐக்கியம், பிறகு நிலம் என்று தலைவர்கள் வகுத்துக்கொண்ட முறை தலைகீழானது என்பதே என் அபிப்பிராயம். நிலத்தைப் பின்னுக்குத் தள்ளியதன் பலனை ஓர் உதாரணத்தில் காணலாம்: தலைநகரின் விஷயத்தில் ஒரோமியாவுக்கு ‘விசேஷ நலன்’ உண்டென்று சாஸனத்தின் 49-ஆம் பிரிவு சொல்லியிருந்தும், அது யாதென வரையறுக்கும் சட்டத்தை இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் எவரும் இயற்றவில்லை.