பத்தாம் பாகைக்கு வடக்கே ஒரு மலை

வில்லியம் கேரி 1792இல் வெளியிட்ட சிறுநூலில் தேசம் தேசமாக நீளம், அகலம், மக்கள்தொகை, மதம் என்று பட்டியல் போட்டார். அந்தப் பட்டியலின் வழிவந்ததுதான் இன்று நம் ஜெபக்கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் ‘பத்து-நாற்பது ஜன்னல்’. வட அட்சரேகை பத்தாம் பாகைக்கும் நாற்பதாம் பாகைக்கும் நடுவே, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஜப்பான் வரை நீளும் ஒரு செவ்வகம் அது. சுவிசேஷம் எட்டாத மக்களில் பெரும்பாலோர் அதற்குள்தான் வாழ்கிறார்கள் என்று லூயிஸ் புஷ் 1989இல் மணிலாவில் கூடிய லோசான் மாநாட்டில் எடுத்துரைத்தார். அடுத்த பத்தாண்டுகளில் அந்தச் செவ்வகம் உலகமெங்கும் ஜெபக்குறிப்புகளின் சட்டகமாகவே ஆகிவிட்டது. அதன் தென்கோடு தமிழ்நாட்டில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே. பாளையங்கோட்டை, நாகர்கோவில், தூத்துக்குடி என்று மிஷனெரிகளை அனுப்பும் ஊர்கள் எல்லாம் கோட்டுக்குத் தெற்கே, ஜன்னலுக்கு வெளியே நிற்கின்றன. 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடி ஜன்னலுக்கு உள்ளே. சென்னையும் வேலூரும் உள்ளே. பதினொன்றே முக்கால் பாகையையொட்டி எழும் கல்வராயன் மலையும் உள்ளே. கோடு பொய் என்று நான் சொல்லவரவில்லை. தொலைவிலிருந்து பார்க்கிறவனுக்கு அது ஒரு திசையைக் காட்டும். பக்கத்தில் இருக்கிறவன் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஜெபித்தால் என்ன விட்டுப்போகும் என்பதே இங்கே என் கேள்வி.

ஓர் இனத்தாரில் சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் இரண்டு சதவீதத்துக்கும், கிறிஸ்தவர் என்று பெயர் சொல்லிக்கொள்பவர்கள் ஐந்து சதவீதத்துக்கும் மிகாமல் இருந்தால் அவர்கள் ‘எட்டப்படாத மக்கள்’ என்பது ஜோஷுவா புராஜெக்ட் போன்ற அமைப்புகள் வைத்திருக்கும் அளவுகோல். கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிகள் ஒரு ஜெபப்பட்டியலில் இடம்பெற்றால் அவர்களைப் பற்றி ஒரு வரி இருக்கும்: பெயர், எண்ணிக்கை, மொழி, மதம், சபை உண்டா இல்லையா. மொழி என்ற கட்டத்தில் ‘தமிழ்’ என்று எழுத வேண்டியிருக்கும். தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறி முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆகவே இங்கே தடையாக நின்றது மொழி அல்ல என்பது அந்த வரியிலிருந்தே தெரியும். எது தடை என்பது மட்டும் தெரியாது. நாடு 1947இல் விடுதலை பெற்றது. அதன் பிறகும் இந்த மலையை சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்தார்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள். வரி வாங்கியதும் தீர்ப்புச் சொன்னதும் அவர்களே. மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது 1976இல். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் மலையாளிகளே அதிகம். 2011 கணக்குப்படி மூன்றரை லட்சத்துக்கும் மேல். ஆனாலும் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று தமிழ்நாட்டில் ஒரு மலைகூட அறிவிக்கப்படவில்லை. 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தும், நீதிமன்ற ஆணையொன்றினால் உரிமைப் பட்டா வழங்குவது இங்கே 2016 வரை முடங்கிக் கிடந்தது. சாமையும் தினையும் மரவள்ளியும் போட்டு, கடுக்காயும் புளியும் பொறுக்கி விற்று வாழும் குடும்பத்துக்கு, உழுகிற நிலம் தன்னுடையதா வனத்துறையுடையதா என்ற கேள்விதான் பெரிய கேள்வி. அதற்கு அந்த வரியில் கட்டம் கிடையாது.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உடனே எல்லாருடைய பார்வையும் கல்வராயன் மலைப் பக்கம் திரும்பியது. மலையில் சாராயம் காய்ச்சுவது உண்மை. ஓடைக்கரையில் பேரலைப் புதைத்து, வெல்லமும் பட்டையும் கடுக்காயும் போட்டு ஊறல் வைக்கிறார்கள், போலீசார் தேடிப்பிடித்து அழிக்கிறார்கள், மறுபடி வைக்கிறார்கள். ஆனால் கருணாபுரத்தில் கொன்றது மெத்தனால். அது எந்த ஓடைக்கரையிலும் ஊறுவதில்லை. ரசாயன ஆலையில் செய்யப்பட்டு, சமவெளியின் சாலைகள் வழியாக, சமவெளி வியாபாரிகளின் கைமாறி வந்த சரக்கு. இந்த வித்தியாசத்தை அறியாமல் ‘குடியில் அழியும் மலை மக்களுக்காக’ என்று ஜெபக்குறிப்பு எழுதினால், ஜெபம் என்ற பெயரில் ஒரு மக்கள்மேல் பழியைச் சுமத்துகிறோம். மலை மக்கள் ஏன் ஊறல் போடுகிறார்கள் என்ற கேள்வியை உயர்நீதிமன்றம் கேட்டது. அடுத்த மாதமே நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வு, கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதாரத்தையும் அடிப்படை வசதிகளையும் பற்றித் தானாக முன்வந்து வழக்கெடுத்து, சாலை, மருத்துவமனை, பள்ளி, போக்குவரத்து என்று ஒவ்வொன்றாக அரசிடம் விளக்கம் கேட்டது. பிழைப்புக்காக இந்த மலைகளிலிருந்து செம்மரம் வெட்டப் போகிறவர்களின் கதையும் இதோடு சேர்ந்ததே. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக்கொன்ற இருபது தமிழ்த் தொழிலாளர்களில் கிழக்குத்தொடர் மலைகளின் பழங்குடிகள் பலர் இருந்தார்கள். நீதிமன்றம் விசாரித்து அறிந்த அளவுக்காவது, ஜெபிக்கிறவர்கள் விசாரித்து அறிய வேண்டாமா?

‘எட்டப்பட்டது’ என்று தள்ளிவைத்த கட்டத்தையும் திறந்து பார்க்க வேண்டும். இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டைப் பக்கம் எறையூர் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்க ஊர். பட்டியல்படி அங்கே வேலை முடிந்துவிட்டது. 2008 மார்ச் 9ஆம் தேதி அந்த ஊரில் என்ன நடந்தது? தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டார்கள். சாதிக் கிறிஸ்தவர்கள் எதிர்த்தார்கள். கலவரம் மூண்டு போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள். ஒரே நற்கருணையில் பங்குபெறுகிறவர்கள் ஒரே தெருவில் சவம் கொண்டுபோக முடியாத நிலையை எந்தச் சதவீதக் கணக்கு காட்டும்? நம் முன்னோரில் சிலருக்கு இது தெரிந்தே இருந்தது. லைப்சிக் மிஷனில் இருந்த கார்ல் ஓக்ஸ், சபைக்குள் சாதியைப் பொறுத்துக்கொள்ளும் போக்கை ஏற்காமல் விலகி, 1861இல் தென்னார்க்காடு மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற நிலையத்தைத் தொடங்கினார். டேனிஷ் மிஷனின் தென்னார்க்காட்டு ஊழியமும், அதிலிருந்து பிறந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபையும் அந்த விலகலிலிருந்தே கிளைத்தவை. கள்ளக்குறிச்சி அன்று அதே தென்னார்க்காட்டில் இருந்த ஊர். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு, சேர்ந்தவர்கள் எப்படி உட்கார்ந்தார்கள் என்பதையும் ஓக்ஸ் பார்த்தார். அந்தப் பார்வை நம் ஜெபக்குறிப்புகளில் மங்கிப்போனது எனக்கு மெய்யாகவே வேதனை தருகிறது.

இங்கே ஊழியத்தில் மூத்தவர்கள் ஒரு மறுப்பு சொல்வார்கள். பட்டியலும் கணக்கும் இல்லாவிட்டால் யார் எங்கே போயிருப்பார்கள்? நியாயமான மறுப்பு, இலேசாகத் தள்ளக்கூடாது. 1903 பிப்ரவரி 12ஆம் தேதி பாளையங்கோட்டையில் பிறந்த திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம், நிஜாம் சீமையில் தோர்ணக்கல் பக்கம் ஒருவரும் போகவில்லை என்ற செய்தியைக் கேட்டுத்தான் அங்கே ஆள் அனுப்பியது. அதன் முதல் செயலாளர்களில் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா 1912இல் தோர்ணக்கல்லின் பேராயரானார். உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுபோன தென்மாவட்டத்துப் பெண்களின் பிடியரிசியில் நடந்த ஊழியங்கள் பல. 1959இல் சிறு சிறு ஜெபக்குழுக்களாகத் தொடங்கிய நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு, ராஜ்மகல் மலையின் மால்டோ மக்கள் வரைக்கும் போனது. ஆனால் அங்கே போனவர்கள் கண்டது என்ன? நம் தமிழுக்கு வடக்கத்திய உறவான ஒரு திராவிட மொழி பேசும் மக்கள், கருங்காய்ச்சலிலும் மலேரியாவிலும் காசநோயிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். ஜெபக்குழு இம்மானுவேல் மருத்துவமனைக் கழகத்தோடு கைகோத்தது. 1996இல் பிரேம் ஜோதி மருத்துவப் பணி தொடங்கியது. பட்டியல் அவர்களை மலையடிவாரம் வரை கொண்டுபோய் விட்டது. மேலே ஏறிப் பார்த்த பிறகு ஜெபக்குறிப்பே மாறியது. கல்வராயன் விஷயத்தில் நான் கேட்பதும் இதுதான். ராஜ்மகலுக்கு ரயிலேறிப் போய் அறிந்துகொண்டவர்கள், ஆத்தூரிலிருந்தோ சங்கராபுரத்திலிருந்தோ பஸ் ஏறினால் போய்விடக்கூடிய மலையை அறியாமல் இருப்பதற்குச் சாக்குச் சொல்ல முடியாது.

இன்னொரு மறுப்பு வேறு பக்கத்திலிருந்து வரும். சாலைக்கும் பட்டாவுக்கும் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம், ஜெபம் ஆத்துமாக்களுக்கானது என்பார்கள். வேதத்தைத் திறந்தால் இந்தப் பிரிவினை நிற்காது. யூதாவிலிருந்து வந்த ஆனானியிடம் நெகேமியா முதலில் விசாரிக்கிறான்: தப்பியிருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள், எருசலேம் எப்படி இருக்கிறது? அலங்கம் இடிந்தது, வாசல்கள் தீயில் வெந்தன என்று கேட்ட பிறகுதான் உட்கார்ந்து அழுகிறான், உபவாசிக்கிறான், ஜெபிக்கிறான். விசாரணை முந்தியது, விண்ணப்பம் பிந்தியது. ஜெபம் முடிந்ததும் அவன் ராஜாவிடம் கேட்டு வாங்கிய கடிதங்களில் ஒன்று வனத்தைக் காக்கிற ஆசாப்புக்கு, மரம் கொடுக்கச் சொல்லி. வன அதிகாரிக்கு ஒரு கடிதம் வரை கொண்டுபோன ஜெபம் வேதத்திலேயே இருக்கிறது. கர்த்தர் கற்றுத்தந்த ஜெபத்திலும் அப்பம் இருக்கிறது, கடன் இருக்கிறது. இரண்டுக்கும் ஆத்துமாவில் இடமில்லை என்று அவர் நினைத்திருந்தால் கற்றுத்தந்திருக்க மாட்டார். ஆத்துமாவை மறக்கச் சொல்வதாக யாரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். மலையில் உள்ளவர்களும் கிறிஸ்துவை அறிய வேண்டும் என்று விரும்புகிறவன்தான் இதை எழுதுகிறேன். அறியப்படாதவர்களாகவே அவர்களை வைத்துக்கொண்டு அன்புகூர முடியாது என்கிறேன்.

மூன்றாவது மறுப்பு சபைக்கு வெளியிலிருந்து வருகிறது, அதுவே எனக்கு அதிகக் கனமாகப் படுகிறது. “எங்களுக்குக் கரிராமர் இருக்கிறார், மாரியம்மன் இருக்கிறாள், நாங்கள் மாற வேண்டும் என்று எங்களைக் கேளாமல் நீங்கள் ஏன் ஜெபிக்கிறீர்கள்?” என்று ஒரு மலையாளிக் குடும்பத்துப் பெரியவர் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? அரசமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. ஆனால் ஒருவரை மதம் மாற்றுவது அந்த உரிமையில் அடங்காது என்று உச்சநீதிமன்றம் 1977இல் ஸ்தனிஸ்லாஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004இல் திரும்பப் பெறப்பட்டது. சட்டம் வருவதும் போவதும் இருக்கட்டும். பெரியவரின் கேள்விக்கு நேர்மையான பதில் ஒன்றே: நாங்கள் நம்பும் நன்மை உங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறோம், ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை, மறுத்தாலும் எங்கள் அன்பில் ஒரு குறையும் வராது. இந்தப் பதிலை முகம் பார்த்துச் சொல்ல வேண்டுமென்றால், கதவைச் சாத்திக்கொண்டு நாம் ஜெபிப்பதும் அதே வார்த்தையாக இருக்க வேண்டும். 1990களில் வந்த ஆவிக்குரிய யுத்தப் பாணி நம் ஜெபங்களுக்குள் கோட்டை, முற்றுகை, கைப்பற்றுதல் என்ற சொற்களைக் கொண்டுவந்தது. ‘சாத்தானின் கோட்டையாகிய இந்த மலை’ என்ற வாக்கியத்தைக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக் கடைத்தெருவில் நின்று உரக்க வாசிக்க நமக்குத் துணிவு உண்டா? இல்லையென்றால் அந்த வாக்கியம் ஜெபத்திலும் வேண்டாம். யாருக்காக ஜெபிக்கிறோமோ அவர்கள் முன்னால் வாசிக்க முடியாத எதையும் தேவன் முன்னால் வாசிக்கக் கூடாது என்பதே நான் வைக்கும் அளவுகோல். சதவீதக் கோட்டைவிட இது கடினமானது, அதனால்தான் இதை முன்வைக்கிறேன்.

அப்படியானால் கல்வராயனுக்கான குறிப்பை யார் எழுதுவது? சென்னையிலோ பாளையங்கோட்டையிலோ உள்ள அலுவலகம் அல்ல, அந்தப் பக்கத்தில் இருக்கிறவர்களே. இதற்கு முன்மாதிரி உண்டு. 1858இல் லூதியானாவிலிருந்த மிஷனெரிகள் உலகச் சபைகள் எல்லாம் ஜனவரியில் ஒரு வாரம் ஜெபிக்க வேண்டும் என்று அழைப்பு விடுத்தார்கள்; 1860 ஜனவரியில் பல நாடுகளில் அதை அனுசரித்தார்கள்; இன்றும் அந்த வாரம் நடக்கிறது. ஜெபத்தின் பொருளாக மட்டும் எண்ணப்பட்ட தேசத்திலிருந்து உலகத்துக்கே ஒரு ஜெப அழைப்பு போனது. கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்துச் சபைகள், கத்தோலிக்கமானாலும் லுத்தரன் ஆனாலும் பெந்தெகொஸ்தே ஆனாலும், மலையில் இருக்கிற சில விசுவாசிகளோடும் விசுவாசிகள் அல்லாத ஊர்ப் பெரியவர்களோடும் உட்கார்ந்து கேட்டு எழுதட்டும். வன உரிமைப் பட்டா நிலுவையில் உள்ள ஊர்கள், ஆசிரியர் இல்லாத உண்டு உறைவிடப் பள்ளி, மழைக்காலத்தில் பிரசவத்துக்கு இறங்க முடியாத பாதை, காப்பித் தோட்ட வேலைக்குப் போய்த் திரும்பாதவர்கள், செம்மர வழக்கில் வெளிமாநிலச் சிறையில் இருப்பவர்கள், சி.பி.ஐ. விசாரணைக்குப் போன கருணாபுரம் வழக்கு, எறையூரின் சமாதானம் என்று அவர்கள் சொல்கிற வரிசையிலேயே இருக்கட்டும். தென்மாவட்டச் சபைகளுக்காக மலையிலிருந்து ஒரு விண்ணப்பம் அதில் வந்தால், அதையும் வெட்டாமல் அச்சிட வேண்டும்.