பழுது பார்ப்பதா? பலம் கூட்டுவதா?

ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்களைத் தூங்கவிடாத கேள்வி!

புகை கக்குகிறது. எண்ணெய் குடிக்கிறது. மேடு ஏறத் திணறுகிறது.

வயதான காருக்கு இந்த மூன்றும் வந்துவிட்டால், என்ஜினைக் கழற்றும் நாள் நெருங்கிவிட்டது என்று பொருள்.

சாதாரணக் காராக இருந்தால் விஷயம் சுலபம். பழுது பார்த்து, பழையபடி ஓட்ட வேண்டியதுதான். ஆனால், அது ஸ்போர்ட்ஸ் காராக இருந்தால்? அங்கேதான் ஒரு சபலம் எட்டிப் பார்க்கிறது.

"எப்படியும் என்ஜினைப் பிரிக்கப் போகிறோம். செலவோடு செலவாக இன்னும் கொஞ்சம் பலத்தைக் கூட்டிவிட்டால் என்ன?"

நியாயமான ஆசைதான். ஆனால், இந்த ஆசையால் லாபம் அடைந்தவர்களும் உண்டு. கையைச் சுட்டுக்கொண்டவர்களும் உண்டு.

அண்ணனும் தங்கையும்

இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டு நகருக்குத் தெற்கே அபிங்டன் என்ற ஊர் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

அந்த வீட்டில் ஒரு பழைய கார் நிற்கிறது. "எம்.ஜி.பி." என்ற ஸ்போர்ட்ஸ் கார். தகப்பனார் 1970-ல் வாங்கியது. அவர் காலமாகிவிட்டார். கார் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. என்ஜின் தேய்ந்துவிட்டது. செலவு செய்யக் கையில் இருப்பது ஒரே ஒரு தொகை. அதை இரண்டு தடவை செலவழிக்க முடியாது.

"பெரிய என்ஜினாக வைத்துவிடலாம். இந்தக் காலத்துச் சின்னக் கார்கள்கூட நம்மை முந்திக்கொண்டு போகின்றன" என்கிறான் அண்ணன்.

"அப்பா ஓட்டியபோது எப்படி இருந்ததோ, அப்படியே இருக்கட்டும் அண்ணா. நாம் என்ன பந்தயத்துக்கா போகிறோம்?" என்கிறாள் தங்கை.

இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. தீர்ப்புச் சொல்வதற்கு முன், அந்தக் காரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்பாசடருக்குச் சொந்தம்

எம்.ஜி.பி. கார் 1962-ல் வெளிவந்தது. அபிங்டன் தொழிற்சாலையில் 1980 வரை அதைச் செய்தார்கள். 5 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் விற்பனையாயின. அமெரிக்காவுக்கு ஏராளமாகக் கப்பல் ஏறின.

அதன் என்ஜினில் 4 சிலிண்டர்கள். கொள்ளளவு 1798 சி.சி. பலம் 95 குதிரை சக்தி. மணிக்கு 100 மைலுக்கு மேல், அதாவது 160 கிலோ மீட்டருக்கு மேல் ஓடும்.

இந்த என்ஜின் நமக்கு அன்னியம் அல்ல. நம் நாட்டு அம்பாசடர் காரில் நெடுங்காலம் இருந்த 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினும் இதுவும் ஒரே வம்சம். "பி சீரிஸ்" என்பது வம்சத்தின் பெயர். அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. ஆனால், அம்பாசடர் என்ஜினைப் பிரித்து மாட்டிய மெக்கானிக், எம்.ஜி.பி. என்ஜினைப் பார்த்துத் திகைக்க மாட்டார்.

முதலில் நாடி பார்க்க வேண்டும்

வைத்தியர் நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதில்லை. காருக்கும் அப்படித்தான்.

மேடு ஏறும்போது நீலப் புகை தொடர்ந்து வந்தால், பிஸ்டனும் அதன் ரிங்குகளும் தேய்ந்திருக்கலாம். நெடுநேரம் சரிவில் இறங்கிவிட்டு, மறுபடி ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் நீலப் புகை வந்தால், கோளாறு மேலே வால்வுப் பக்கம் இருக்கலாம். அப்படியானால் முழு என்ஜினையும் கழற்ற வேண்டியதில்லை. தலைப்பகுதியை, அதாவது "ஹெட்"டை மட்டும் சரிபார்த்தால் போதும்.

அடுத்தது எண்ணெய் அழுத்தம். எம்.ஜி.பி. கார் சூடாகி ஓடும்போது, சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 ராத்தல் வரை காட்ட வேண்டும். அது மிகவும் குறைந்து, அடியில் "டங் டங்" என்ற சத்தமும் கேட்டால், பேரிங்குகள் தேய்ந்துவிட்டன என்று சந்தேகிக்க வேண்டும்.

ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்றழுத்தத்தைச் சோதிக்கும் கருவியும் உண்டு. இந்தச் சோதனைகளுக்கு ஆகும் செலவு சொற்பம். இவற்றைச் செய்யாமல் முடிவு எடுப்பவர்கள், தேவையில்லாத வேலைக்குப் பணம் கொடுக்கிறார்கள்.

பழுது பார்ப்பது என்றால் என்ன?

சோதனையில் முழு என்ஜினும் தேய்ந்திருப்பது தெரிந்தது என்று வைத்துக்கொள்வோம். இனி அதை இறக்கியாக வேண்டும்.

என்ஜினைப் பிரித்து, கழுவி, ஒவ்வொரு பாகத்தையும் அளப்பார்கள். சிலிண்டர் தேய்ந்திருந்தால் "ரீபோர்" செய்வார்கள். துளையைச் சிறிது பெரிதாகக் கடைந்து, அதற்கு ஏற்ற பெரிய பிஸ்டனைப் போடுவதுதான் ரீபோர். கிராங்க் ஷாப்டைச் சாணை பிடித்து, புதுப் பேரிங் போடுவார்கள். வால்வு, எண்ணெய்ப் பம்பு, சங்கிலி எல்லாம் புதிதாகும்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தால், கார் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எப்படி ஓடியதோ, அப்படி ஓடும்.

இதை "சும்மா பழுது பார்ப்பது" என்று குறைவாக நினைக்கக்கூடாது. தேய்ந்துபோன என்ஜினில் 95 குதிரைகளும் இருப்பதில்லை. பல குதிரைகள் எப்போதோ ஓடிப்போயிருக்கும். பழுது பார்த்த காரை ஓட்டிப் பார்த்ததும், "இது நம்முடைய கார்தானா!" என்று பலர் வியப்பதற்கு இதுவே காரணம்.

பலம் கூட்டுவதில் மூன்று படிகள்

முதல் படி, ஹெட்டில் செய்யும் வேலை. காற்றும் பெட்ரோலும் தடையின்றிப் போகும்படி அதன் வழிகளைச் சீராக்குவார்கள். பெரிய வால்வு போடுவதும் உண்டு.

இரண்டாவது படி, கொள்ளளவைக் கூட்டுவது. எம்.ஜி.பி. சிலிண்டரை அங்குலத்தில் ஆயிரத்தில் 60 பங்கு பெரிதாக்கினால், 1798 சி.சி. என்ஜின் சுமார் 1868 சி.சி. ஆகிவிடும். இன்னும் பெரிதாகக் கடைந்து, சுமார் 1950 சி.சி. வரை கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால், அதற்குமேல் கடைய இரும்பு மிச்சம் இருக்காது. அடுத்த தடவை தேய்ந்தால் சங்கடம்தான்.

இத்துடன் "காம் ஷாப்ட்"டையும் மாற்றுவார்கள். வால்வுகளைத் திறக்கும் தண்டு இது. பந்தயத்துக்கு உரிய காம் ஷாப்ட் போட்டால், என்ஜின் வேகமாகச் சுற்றும்போது பலம் பிறக்கும். மெதுவாகச் சுற்றும்போது பலம் குறையும். கடைத் தெருவில் நின்று நின்று போகிறவருக்கு அது தலைவலி!

மூன்றாவது படி, என்ஜினையே மாற்றுவது. அண்ணன் ஆசைப்படுவது இதைத்தான்.

தொழிற்சாலை கற்ற பாடம்

இந்த மூன்றாவது படியில் எம்.ஜி. தொழிற்சாலையே இரண்டு தடவை ஏறிப் பார்த்தது.

1967-ல் இதே காரில் 2912 சி.சி. என்ஜினை வைத்தார்கள். 6 சிலிண்டர், முழுக்க முழுக்க இரும்பு. "எம்.ஜி.சி." என்று பெயர் சூட்டினார்கள். பலம் 145 குதிரை சக்தி! ஆனால், என்ஜினின் எடை சுமார் 200 ராத்தல் (90 கிலோ) கூடிவிட்டது. அந்தப் பாரம் முழுவதும் முன் சக்கரங்களின் மேல் விழுந்தது. வளைவில் திருப்புவதற்கு மந்தமாக இருக்கிறது என்று பத்திரிகைகள் குறை சொல்லின. சுமார் 9 ஆயிரம் கார்கள் செய்து, 1969-ல் நிறுத்திவிட்டார்கள்.

அதன்பிறகு கென் காஸ்டெல்லோ என்ற பந்தய வீரர் வேறு வழியைக் கையாண்டார். 3528 சி.சி. ரோவர் "வி-8" என்ஜினை எம்.ஜி.பி.யில் பொருத்தினார். அதில் 8 சிலிண்டர்கள். ஆனால், அது அலுமினிய என்ஜின். ஆகவே, எடை அதிகம் கூடவில்லை. கார் பறந்தது!

அதைக் கண்ட பிறகு, தொழிற்சாலையும் 1973-ல் வி-8 காரை வெளியிட்டது. 1976 வரை 2,591 கார்கள் செய்தார்கள். பலம் 137 குதிரை சக்தி.

கவனியுங்கள். எம்.ஜி.சி.யைவிட இதற்குக் குதிரை சக்தி குறைவு. ஆனால், நல்ல பெயர் வாங்கியது இதுதான். பலம் மட்டும் காரின் குணத்தைத் தீர்மானிப்பதில்லை. பாரமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வி-8 காருக்கு என்ஜினை மட்டும் மாற்றிவிட்டு அவர்கள் சும்மா இருக்கவில்லை. முன் பிரேக் தட்டுகளைத் தடிமன் ஆக்கினார்கள். ரேடியேட்டரைப் பெரிதாக்கி, இரண்டு மின்விசிறிகள் வைத்தார்கள். பின் அச்சின் பல்சக்கர விகிதத்தையும் மாற்றினார்கள்.

வீட்டில் மருமகள் ஒருத்தி வந்தால் எல்லோரும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்க வேண்டும் அல்லவா? புது என்ஜின் வந்தாலும் அப்படித்தான். கிளட்ச், கியர் பாக்ஸ், பிரேக், ரேடியேட்டர் எல்லாம் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். என்ஜின் விலையை மட்டும் கணக்குப் போட்டவர்கள் பாதி வழியில் பணம் தீர்ந்து நிற்பது இதனால்தான். நிறுத்த முடியாத வேகம் ஆபத்து என்பதையும் மறக்கக்கூடாது.

நான்கு கேள்விகள்

முடிவு எடுக்குமுன், சொந்தக்காரர் தம்மைத்தாமே நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒன்று: கார் எதற்கு? ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்வரவா, பந்தயத் தடத்தில் ஓட்டவா?

இரண்டு: மற்றப் பாகங்களை மாற்றவும் பணம் இருக்கிறதா?

மூன்று: பிற்காலத்தில் விற்கும் எண்ணம் உண்டா? காரோடு பிறந்த என்ஜின், அதே நம்பரோடு இருப்பதைப் பெரிதாக மதித்து வாங்குகிறவர்கள் பலர்.

நான்கு: சட்டம் என்ன சொல்கிறது? பிரிட்டனில், 40 வயதைத் தாண்டிய கார்களுக்கு வருடாந்தரப் பரிசோதனையில் விலக்கு உண்டு. ஆனால், காரைப் பெரிய அளவில் மாற்றியிருக்கக்கூடாது. என்ஜினை மாற்றினால் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும். மறைத்துவிட்டு, பிறகு விபத்து நேர்ந்தால், நஷ்டஈடு கிடைப்பது கஷ்டம்.

உள்ளே இப்போது; வெளியே பிறகு

பழுது பார்க்கும்போதே செய்ய வேண்டிய சில நல்ல காரியங்கள் உண்டு. அவற்றுக்கும் வேகத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆயுளுக்குச் சம்பந்தம் உண்டு.

அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்தது. பிரிட்டனில் 2000-ம் ஆண்டு பிறந்ததோடு ஈயப் பெட்ரோலின் பொது விற்பனை நின்றுவிட்டது. ஆகவே, ஹெட்டைக் கழற்றும்போதே, வால்வு உட்காரும் இடத்தில் கெட்டியான உலோக வளையங்களைப் பதித்துவிட வேண்டும்.

கிராங்க் ஷாப்டையும், அதோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரத்தையும் எடை சமன் செய்வது இன்னொரு நல்ல காரியம். என்ஜின் அதிராமல் சுற்றும். பேரிங்குகள் நெடுநாள் உழைக்கும்.

இவை என்ஜினுக்குள் இருப்பவை. மூடிவிட்டால், மறுபடி பிரித்தால்தான் செய்ய முடியும். கார்புரேட்டர், புகைக்குழாய் போன்றவை வெளியே இருப்பவை. அவற்றை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பிடிக்காவிட்டால் பழையதையே திரும்ப மாட்டலாம்.

ஆகவே, உள்ளே உள்ளதை இப்போதே யோசித்து முடிவு செய்ய வேண்டும். வெளியே உள்ளதற்கு அவசரம் இல்லை.

அப்படியானால் தீர்ப்பு?

பந்தயத் தடத்துக்குப் போகிறவருக்கும், மற்றப் பாகங்களை மாற்ற வசதி உள்ளவருக்கும், பலம் கூட்டுவதில் தவறில்லை. அவர் தொழிற்சாலை செய்ததுபோல எல்லாவற்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

ஆனால், அந்த அண்ணன் தங்கைக்கு? கையில் இருப்பது ஒரே தொகை. ஓட்டப்போவது கிராமத்துச் சாலையில். நிற்பது அப்பாவின் கார்.

அவர்கள் என்ஜினைப் பழையபடி செய்துகொள்வதே புத்திசாலித்தனம். கெட்டி வளையமும் எடை சமனும் சேரட்டும். மிச்சப் பணத்தில் பிரேக்கையும் ரேடியேட்டரையும் புதுப்பிக்கட்டும். முதல் 500 மைலுக்கு விரட்டாமல் ஓட்டட்டும்.

ஒரு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகும் வேகம் போதவில்லை என்று அண்ணனுக்குத் தோன்றினால், வெளிப்பாகங்களில் ஆரம்பிக்கலாம். கதவு மூடிவிடவில்லை.

ஆனால், ஓடிப்போன குதிரைகள் எல்லாம் திரும்பி வந்தபிறகு, அவனுக்கு அப்படித் தோன்றுமா என்பது சந்தேகம்தான்!